இரவற் குரல்

பரீட்சைக்கு வேண்டிய நூலொன்றைத் தேடி நூலகத்துக்குச் சென்றவள், பரீட்சைக்குச் சற்றும் உதவாத ஒரு நாவலோடு விடுதிக்குத் திரும்பினேன். நைஜீரிய எழுத்தாளர் கிறிஸ் அபானி 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிரேஸ்லாண்ட்' என்ற ஆங்கில நாவல் அது. எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த மாளிகையின் பெயரே நாவலுக்கும் பெயர். ஆனால் கதை நிகழ்வது அமெரிக்காவில் அன்று. லாகோஸ் நகரின் சேற்றுநிலச் சேரி ஒன்றில். கதைநாயகன் பதினாறு வயதுப் பையன். எல்விஸ் என்று அவனுக்குப் பெயரிட்டவள் அவனுடைய தாய். அவள் புற்றுநோய்க்குப் பலியாகிவிட்டாள். தகப்பனோ குடியில் மூழ்கிக் கிடக்கிறான். பையன் பொய்ம்முடி அணிந்து, கறுத்த முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொண்டு, கடற்கரைக்கு வரும் வெளிநாட்டவர் முன்னிலையில் எல்விஸைப் போல ஆடிப்பாடிக் காசு தேடப் பார்க்கிறான்.

அந்தப் பவுடர் என்னை நிறுத்திவிட்டது. நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெரிய மாமாவும் ஒருநாள் முகத்தில் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு அந்நியப் படையினர் முன்னிலையில் பாடியவர். எங்கள் குடும்பத்தில் யாரும் பேச விரும்பாத செய்தி அது. சிறு வயதில் நான் அதற்காக வெட்கப்பட்டதுண்டு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எனது ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் நெசவாளர் ஊர். எங்கள் ஊர்ச் சாறனை அறியாதவர்கள் கிழக்கிலங்கையில் இருக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கே வீடு. ஆண் திருமணத்தின் பின் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மாமாவும் அவ்வாறே போனார். ஆனால் அவருடைய தறி மாத்திரம் போகவில்லை. உம்மம்மாவின் வீட்டுப் பின்வளவிலே, ஓலைக் கொட்டிலுக்குள், அது அப்படியே நின்றது. ஆகவே நாள்தோறும் காலையில் மாமா தாய்வீட்டுக்கு வேலைக்கு வருவார். தறியில் நாடா ஓடும் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் பாடசாலைக்குப் புறப்படுவோம்.

தறியில் இருப்பவன் பாடாமல் இருக்க முடியாது என்பது எங்கள் ஊரில் ஒரு பேச்சு. கால் மிதிக்கும், கை இழுக்கும், வாய் சும்மா இருக்குமா? மற்றவர்கள் நாகூர் ஹனிபாவின் பாடல்களையோ எம்.ஜி.ஆர். படப் பாடல்களையோ பாடினார்கள். மாமா இந்திப் பாடல்களைப் பாடினார். முகம்மது ரஃபி அவருக்கு ஒரு பாடகர் மாத்திரம் அல்லர், ஒரு பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியது இலங்கை வானொலி. இன்றைய மாணவர் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். 1952 ஆம் ஆண்டில் இந்திய அரசின் வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, இந்தியாவின் நேயர்கள் கொழும்பிலிருந்து வந்த சிற்றலையின் பக்கம் திரும்பினார்கள். அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' அந்த ஆண்டிலேதான் தொடங்கிற்று. பஞ்சாபிலும் பீகாரிலும் இருந்த சிறுவர்கள் தம்முடைய சொந்தப் பாடல்களை எங்கள் தீவிலிருந்து கேட்டு வளர்ந்தார்கள். அதே ஒலிபரப்பை மருதமுனைக் கொட்டிலிலும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பதே வேறுபாடு.

விளங்காத சொல்லை எப்படி மனனஞ் செய்வது? தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார். ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு இந்தியின் நான்கு ஒலிகளை அடக்க முடியவில்லை. பிறகு ஓதற்பள்ளியிற் கற்ற அறபெழுத்து கைகொடுத்தது. எங்கள் முன்னோர் அறபுத் தமிழில் எழுதியவர்கள். உம்மம்மாவின் பெட்டியில் அவ்வாறான பழைய ஏடுகள் இருந்தன. மாமா அந்த வழியைத் திருப்பிப் பிடித்து, இந்திப் பாடல்களை அறபெழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். காஃபும் கைனும் ஸேயும் அவ்வவற்றின் இடத்திலே வந்து உட்கார்ந்தன. உருதுச் சொற்கள் நிறைந்த அந்தப் பாடல்களை அவர் பிழையின்றி உச்சரித்தமைக்குக் காரணம் இதுவே. மொழியியல் படிக்கும் நண்பர்கள் ஆராயத்தக்க விடயம் என்று சொல்வேன். ஆனால் அந்தக் கொப்பி இப்போது இல்லை. அது போன கதையைப் பின்னர் சொல்கிறேன்.

1987 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் திகதி இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி வந்த இந்திய அமைதி காக்கும் படை எங்கள் கரையோரத்திலும் முகாமிட்டது. மாமாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தறிக்கொட்டிலுக்குப் படுக்கை விரிப்பு வாங்க வந்த சிப்பாய்கள் சிலர் வேலிக்கு வெளியே அசையாமல் நின்றுவிட்டார்கள். உள்ளே ரஃபி பாடிக்கொண்டிருந்தார். அவர்களோடு தமிழகத்தைச் சேர்ந்த ஒரு சிப்பாயும் வந்திருந்தார். அவர்தான் இரு பக்கமும் பேச்சை எடுத்துச் சொன்னவர். அவர்களுள் தலை நரைத்த ஒருவர், தாம் சிறுவனாக இருந்தபோது இந்தப் பாட்டெல்லாம் இலங்கையிலிருந்துதான் வரும் என்றாராம். "உங்கட நாடு எனக்குப் பாட்டுத் தந்த நாடு எண்டு சென்னான் மகள், எனக்கு என்ன சொல்றெண்டே தெரியல்ல" என்று மாமா இப்போதும் சொல்லுவார். அந்த வாக்கியத்தை மாத்திரம் அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதன் பின்னர் வந்தது 1989 ஆம் ஆண்டின் குடியரசு தின மாலை. சனவரி 26. முகாமொன்றில் சிறிய கலைநிகழ்ச்சி, மாமாவை அழைத்தார்கள். மறுக்கும் துணிவும் அவருக்கு இல்லை, மறுக்கும் விருப்பமும் இல்லை. எது முந்தியது என்று அவரிடம் கேட்பது நியாயமாகாது. அக்காலத்தில் துப்பாக்கி வைத்திருப்போரின் அழைப்பு எதுவும் வெறும் அழைப்பு அன்று. எனினும் ஒரு மேடைக்காக அவர் ஏங்கிக் கிடந்ததும் உண்மை. வெள்ளை நீளக்கைச் சட்டையை உம்மா தேய்த்துக் கொடுத்திருக்கிறார். நடிகர்கள் எல்லாரும் சிவப்பு நிறம் அல்லவா என்று எண்ணி, எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டது அன்றுதான்.

இந்த இடத்தில் அபானியின் நாவல் எனக்குத் துணையாகவும் தடையாகவும் வந்து நிற்கிறது. படைமுகாம்களைச் சுற்றி எழும் ஊர்களில் போலிப் பாடகர் தோன்றுவது உலக வழக்கம். கொரிய யுத்தத்தின் பின் கிம் சகோதரியர் என்ற மூன்று சிறுமியர் (இருவர் உடன்பிறந்தோர், ஒருத்தி மாமன் மகள்) ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாமலே அமெரிக்கப் பாடல்களை ஒலியளவில் மனனஞ் செய்து அமெரிக்கப் படையினர் முன் பாடினார்கள். அவர்களைப் பழக்கியவர் அவர்களின் தாயார் லீ நான் யங். அவரே கொரியாவின் புகழ்பெற்ற பாடகி. கூலியாகக் கிடைத்த விஸ்கியையும் சொக்கலேற்றையும் கொடுத்து உணவுப் பொருள் வாங்கினார்களாம். 1959 இல் அந்தப் பெண்கள் லாஸ் வேகாஸ் சென்றார்கள். பெரும் புகழ் பெற்றார்கள். பிலிப்பைன்ஸ், ஒக்கினாவா எங்கணும் இதையொத்த கதைகள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 1958 முதல் 1960 வரை உண்மை எல்விஸே மேற்கு ஜெர்மனியின் அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில் சிப்பாயாக இருந்தார்!

எங்கள் கருத்தரங்கொன்றில் இந்த நாவலைப் பற்றிப் பேசியபோது, இவையெல்லாம் அடிமை மனப்பாங்கின் வெளிப்பாடு என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். நைபாலின் 1967 ஆம் ஆண்டு நாவலான 'போலி மனிதர்'களையும் துணைக்கழைத்தார். (அந்தத் தலைப்பை மேற்கோள் காட்டுவோர் அனைவரும் உள்ளே இருப்பதைப் படித்திருப்பார்கள் என்று நான் நம்புவதில்லை.) அவருடைய கூற்றில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். வலியவன் முன்னிலையில் அவனுடைய குரலிற் பேசுபவன் தன் முதுகைச் சற்று வளைத்தே பேசுகிறான். ஆயினும் மூலம் உயர்ந்தது, நகல் தாழ்ந்தது என்ற அளவுகோல் எங்கள் கடற்கரைக்கு அவ்வளவு இலகுவிற் பொருந்துவதில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு வந்து பாருங்கள். சாகுல் ஹமீது நாயகம் அடங்கியிருப்பது கடலுக்கு அப்பால் நாகூரில். இங்கே அடக்கத்தலம் இல்லை. ஆனால் கொடியேற்றம் உண்டு, கூட்டம் உண்டு, நேர்த்தி உண்டு. ஆண்டுதோறும் அங்கே வந்து அழுபவர்களின் கண்ணீர் நகல் அன்று.

ரஃபியும் அவ்வாறு தொடங்கியவர்தாமே. பஞ்சாபில் கோட்லா சுல்தான் சிங் என்ற சிற்றூரில் பிறந்த அவர், ஊருக்கு வந்த ஒரு பக்கீரின் பாட்டைச் சிறுவனாகப் பின்பற்றிப் பாடியே பாட்டுக்குள் நுழைந்தார் என்பது அவருடைய வரலாறு. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப றபான் அடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைகளில் வரும் பக்கீர் பாவாவை நினைத்துக்கொள்கிறேன். வளர்ந்த பின்பும் ரஃபி இரவல் கொடுப்பவராகவே இருந்தார். சம்மி கபூருக்கு ஒரு குரல், நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கருக்கு வேறொரு குரல். 1980 இல் அவர் இறந்தபின் சபீர் குமாரும் முகம்மது அஜீசும் அவருடைய சாயலில் பாடியே புகழ் பெற்றார்கள். பக்கீரை ரஃபி பின்பற்ற, ரஃபியை மருதமுனை நெசவாளர் பின்பற்ற, இந்தச் சங்கிலியில் யாருடைய குரலைச் சொந்தக் குரல் என்பது?

முகாம் மாலைக்கு வருகிறேன். முதலில் ஜானி வாக்கருக்காக ரஃபி பாடிய ஒரு பாட்டை மாமா ஆட்டத்தோடு பாடினார். சிரிப்பும் கைதட்டும் கொட்டிலை அதிரச் செய்தன. பிறகு அமிதாப் பச்சன் நடையில் நடந்து காட்டினார். விசில் பறந்தது. மேலும் இரண்டு பாடல்கள். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள். தம் குரலின் உச்சத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், வானொலியில் நீண்ட காலம் கேட்டுப் பழகிய ஒரு பாடலை எடுத்தார். மெல்லத் தொடங்கி மேலே மேலே ஏறும் பாட்டு அது.

இரண்டாவது அடியிலேயே சிரிப்பு நின்றது. ஒருவர் எழுந்து நின்றார். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும். இலங்கை வானொலியைப் பற்றிச் சொன்ன அந்த நரைத்த மனிதர் வெளியே போய்விட்டார். மாமா இறுதிவரை பாடி முடித்தார். யாரும் கை தட்டவில்லை. அதிகாரி ஒருவர் வந்து கையைப் பற்றிக் குலுக்கினார், ஏதோ சொன்னார், விளங்கவில்லை. மொழிபெயர்த்துச் சொல்லும் தமிழ்ச் சிப்பாய் அன்று காவற் கடமையில் இருந்தார். ஒரு பை கோதுமை மாவும் இரண்டு டின் பாலும் கொடுத்து அனுப்பினார்கள். பவுடர் வியர்வையில் வழிந்து சட்டைக் கழுத்தில் படிந்திருந்ததாம். அதைக் கழுவிய உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமா அதன்பின் எந்த மேடையிலும் ஏறவில்லை. இரண்டாம் முறை அழைப்பு வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டார். 1989 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அந்தப் படை எங்கள் மாவட்டத்தை விட்டுப் போயிற்று; 1990 மார்ச் 24 ஆம் திகதி அதன் இறுதி அணி திருகோணமலையிற் கப்பலேறிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம் தோழர்களை இந்தத் தீவில் இழந்துவிட்டே அவர்கள் திரும்பினார்கள். யூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. அந்நாட்களை இங்கு விரிக்க நான் விரும்பவில்லை. எங்கள் கரையில் அதை மறந்த வீடு இல்லை. யார் யாரோடு பழகினார்கள் என்பது திடீரென்று உயிர் தொடர்பான கேள்வியாயிற்று. ஊரில் மாமாவுக்கு வேடிக்கையாக வழங்கிய 'இந்திக்காரன்' என்ற பட்டப்பெயர் ஓரிரவில் ஆபத்தான பெயராகிவிட்டது.

அந்த இரவில் பாட்டுக் கொப்பியை அடுப்பில் வைக்கப் போனார் மாமா. உம்மம்மா தடுத்தார். உள்ளே இருப்பது சினிமாப் பாட்டுத்தான். எழுத்து ஓதல் எழுத்தல்லவா, அதை எரிப்பதா? தாயும் மகனும் குசுகுசுத்து வாதாடியிருக்கிறார்கள். ஈற்றில் ஒரு கல்லோடு சேர்த்துச் சாறன் துண்டொன்றில் முடிந்து, விடியுமுன் கடலில் விட்டார்கள்.

அதற்குப் பின் மாமா சொற்களைப் பாடுவதை நிறுத்திவிட்டார். தறியில் இருக்கும்போது மெட்டை மாத்திரம் முனகுவார். நான் அறிந்த மாமா அந்த முனகல்தான். வளைகுடா நாடுகளுக்குச் சென்று இந்தி கற்றுத் திரும்பியோர் எங்கள் ஊரில் பலர் உண்டு. அந்தப் பாட்டின் பொருளை அவர்களிடம் அவர் ஒருபோதும் கேட்கவில்லை. பிழையாகப் பாடி அவர்களை அவமதித்துவிட்டோம் என்பதே அவருடைய முடிவு. தன் பிழையின் விளக்கத்தை யார்தான் தேடிப் போவார்கள்?

ஒரு விடுமுறையில் அந்த முனகலைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டேன். ஏன் பதிந்தேன் என்று அப்போது தெரியாது. நாவலைப் படித்த வாரத்தில் அதை விடுதியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கட்டாரிற் பிறந்து வளர்ந்த அறைத்தோழி எழுந்து உட்கார்ந்தாள். "இது ஹகீகத் பாட்டல்லவா?" என்றாள்.

'ஹகீகத்' 1964 ஆம் ஆண்டில் சேத்தன் ஆனந்த் இயக்கிய படம். 1962 ஆம் ஆண்டின் இந்திய - சீன யுத்தத்தில், லடாக்கின் பனியில் மடிந்த சிப்பாய்களைப் பற்றியது. கைபி ஆஸ்மி எழுதி, மதன் மோகன் இசையமைத்து, ரஃபி பாடிய அந்தப் பாடல் படத்தின் முடிவில், விழுந்து கிடக்கும் உடல்களின் மீது ஒலிக்கிறது. இறந்துகொண்டிருக்கும் படைவீரர்கள் எஞ்சியிருப்போரிடம் விடைபெறும் பாடல். தோழி வரிவரியாகச் சொல்லச் சொல்ல என் கை குளிர்ந்தது. வீட்டை விட்டுக் கடல் கடந்து வந்து, நாள்தோறும் தோழர்களை இழந்துகொண்டிருந்த மனிதர்கள் முன்னிலையில், பவுடர் பூசிய ஒரு மருதமுனை நெசவாளர், தாம் பாடுவது இன்னதென்று அறியாமல், அவர்களுடைய மரணப் பாட்டைப் பாடியிருக்கிறார். அபானியின் எல்விஸ் நாவலின் முடிவில் நண்பனின் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு, நண்பனின் பெயருக்குக் குரல் கொடுத்து விமானமேறப் போகிறான். இரவல் அவனுக்கு ஒரு வாசலைத் திறந்தது. மாமாவுக்குத் திறந்த வாசலை அவர் மூடிய கதவென்று எண்ணி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பி நடந்திருக்கிறார்.

இதை அவரிடம் சொல்வதா, விடுவதா என்று பல நாள் தயங்கினேன். தாம் வென்ற ஒரு மாலையைத் தோல்வி என்று சுமந்தவரிடம், அது தோல்வி அல்ல என்று அறுபது வயதில் சொல்வது கருணைதானா என்ற ஐயம் எனக்கு இருந்தது. கொப்பி கடலில், மேடை இல்லை, குரலும் முன்போல இல்லை.

கடந்த விடுமுறையின் இரண்டாம் நாள், தறிக்கொட்டிலில் வைத்துச் சொன்னேன். படத்தின் அந்தப் பகுதியையும் கைத்தொலைபேசியிற் காட்டினேன். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பாட்டு முடிந்தது. நாடாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அதான் அவனுகள் கை தட்டல்ல" என்றார்.

பிறகு, "அந்த வெளிய போன மனிசன், தலை நரைச்சவன், அவன் உசிரோட ஊருக்குப் போய்ச் சேந்தானோ என்னவோ மகள்" என்றார்.

நான் பேசவில்லை. அவர் தொலைபேசியைத் திருப்பி என்னிடம் நீட்டி, பாட்டை இன்னொருமுறை போடச் சொன்னார். மூன்றாவது அடியில் ஒரு சொல்லைக் காட்டி, தாம் அங்கே காஃப் போட்டு எழுதியிருந்ததாகவும், ரஃபி வேறு மாதிரி சொல்லுவதாகவும் கூறினார். மறுபடியும் கேட்டோம். அவர் சொன்னது சரி. ஒரேயோர் எழுத்துப் பிழைத்திருந்தது. அதைத் திருத்திக்கொண்டு, மிதியில் காலை வைத்து, சொற்களோடு பாடத் தொடங்கினார்.